உள்பக்கம் பார்க்கிறவள்

அத்தியாயம் 11

காலை எட்டு மணிக்குள் தென்றலின் மெஷின் இரண்டு முறை பூட்டிக்கொண்டது.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி அது. பதினோரு வருடமாக அவள் அங்கே தைப்பது ஏர்பேக் தையல். விபத்து நேர்ந்தால் சீட்டுக்குள் இருக்கும் காற்றுப்பை உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதால், அந்த ஓரத்துத் தையல் மட்டும் அளவு பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு தையல் கூடினாலும் குறைந்தாலும் மெஷின் தானே நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து சாவி போட்டால்தான் மறுபடி ஓடும்.

சூப்பர்வைசர் சாம்சன் இரண்டாம் முறை சாவியோடு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தார். திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டார். மாதத்துக்கு ஒரு தடவைகூடப் பூட்டாத மெஷின் அது.

"வூட்ல எதுனா பிரச்சினையா தென்றல்?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு வாட்டி லாக் ஆவுது? போ, மூஞ்சி கழுவினு வா."

முகம் கழுவினால் போகிற கோபமா அது? திங்கட்கிழமை ஏறியது. வியாழக்கிழமை வரை ஒரு பொட்டும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை நடந்தது நமக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

தென்றலின் நாத்தனார் ஐஸ்வர்யாவுக்கு ஞாயிறன்று மணிமங்கலத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது புடவை, அப்புறம் போட்டோவுக்குக் கவுன். அந்தக் கவுனை தி.நகர்க் கடையொன்றில் பார்த்து ஐஸ்வர்யா ஆசைப்பட்டாள். விலைச்சீட்டைப் பார்த்து வாயடைத்து நின்றவளை டிரையல் ரூமுக்குள் இழுத்துப்போய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னவள் தென்றல். கழற்றியதும் அதை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். எந்தத் துணியையும் உள்பக்கம் பார்க்காமல் அவளுக்கு வெளிப்பக்கம் பார்க்கத் தெரியாது. இன்ச் டேப்பை எடுத்தால் கடைப் பெண்கள் பிடித்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்ததால் கம்பெனி ஐ.டி. கார்டு கழுத்தில் கிடந்தது. அதன் நாடாவைக் கழற்றி, தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு எத்தனை மடிப்பு என்று அளந்துகொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் தைத்தபோது கடைக்காரன் செய்த தப்புகளைக் கடைக்காரனிடமே விட்டுவிட்டு மாடலை மட்டும் எடுத்துக்கொண்டாள். அங்கே அக்குளில் நெட் குத்தியது. இங்கே மெத்தென்ற காட்டன் லைனிங் வைத்தாள். அங்கே கையைத் தூக்கினால் கவுனும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. இங்கே கையைத் தூக்கி ஆடக்கூடச் செய்யலாம். வலது பக்கத் தையலுக்குள் யார் கண்ணுக்கும் படாமல் ஒரு பாக்கெட். ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்து இறக்கி வைத்துவிட்டு, மூன்று வாரம் தைத்தாள்.

மண்டபத்தில் பார்த்தவர்களெல்லாம் ஐஸ்வர்யாவைச் சுற்றிக்கொண்டார்கள். அண்ணிக்காரி பந்தியில் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்ததால் அவள் காதில் எதுவும் விழவில்லை. மறுநாள் கவுனை மடித்து வைக்கும்போதுதான் கழுத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தி.நகர்க் கடையின் லேபிள். ஒரு பழைய சுடிதாரிலிருந்து பிரித்தெடுத்து, கையால், கோணல்மாணலாகத் தைத்தது.

வாய் தவறி வந்த பொய் என்றால் மன்னித்துவிடலாம். இது ஊசியில் நூல் கோத்து, உட்கார்ந்து தைத்த பொய்.

வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்ததால் அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை கடைசி ஆளும் கிளம்பிப் போன பிறகு, கோபம் அடுப்பில் மறந்து வைத்த பால் மாதிரி ஆகிவிட்டது.

பெயருக்காகவா ஒருத்தி இப்படிக் கொதிப்பாள் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த ஷட்டர் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்குப்பட்டில் இவர்கள் வீட்டின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்த ரூம். மளிகைக் கடை வைத்திருந்தவர் காலி செய்து ஒரு மாதமாகிறது. பதினோரு வருடம் ஒரே பக்கம் சாய்ந்து தைத்ததில் தென்றலுக்கு இடது தோள்பட்டை போய்விட்டது. அந்த ரூமில் தையல் கடை வைத்துக்கொண்டு கம்பெனியை விட்டுவிடுகிறேன் என்று கேட்டாள். மாமனார் கோதண்டராமன் முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதற்குமே முடியாது என்று சொல்கிறவரில்லை. முடியாதபடி ஒரு நிபந்தனை வைப்பார். மாதக் கடைசிக்குள் நாலு பேர் அவள் தையலைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வரட்டும், சாவி அவளுக்கு என்றார். வராவிட்டால் செல்போன் கடை வைக்கக் கேட்டிருக்கும் கொம்பையாவுக்கு.

நிச்சயதார்த்தத்துக்கு வரும் இருநூறு பெண்களில் நாலு பேர் கேட்காமலா போய்விடுவார்கள் என்றுதான் அவள் அத்தனை உயிரைக் கொடுத்துத் தைத்தாள். கேட்டவர்களையெல்லாம் ஐஸ்வர்யா தி.நகருக்கு பஸ் ஏற்றிவிட்டுவிட்டாள். மாதக் கடைசி வரைகூடக் காத்திராமல் கொம்பையா நாளைக் காலை அட்வான்ஸோடு வருகிறான்.

பத்து மணி டீ பிரேக்குக்கு முன்னால் மெஷின் மூன்றாம் முறை பூட்டியது. சாம்சன் இந்தத் தடவை சாவியைப் போட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், கணவன் புருஷோத்தமன் நாலு தடவை கூப்பிட்டிருந்தான். இன்னொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவன். காலை டிரிப் முடிந்து நிழலில் நிறுத்தியிருந்தான். மாப்பிள்ளை சுபாஷின் அக்கா காந்திமதி நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறாளாம். கவுன் விஷயமாகப் பேச வேண்டுமாம். அவளுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் போலிருக்கிறது என்று அவனே முடிவு கட்டி, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தான். கடையில் சொல்லி வரவழைத்துத் தருகிறோம் என்று சொல்லிவிடலாம். பத்து நாளில் தென்றல் இன்னொன்று தைத்துவிடலாம். லேபிளுக்கு ஐஸ்வர்யாவிடம் இன்னொரு பழைய சுடிதார் இருக்கிறது.

அவன் அதைச் சொன்ன தோரணை இருக்கிறதே, பரிசு வாங்கக் காத்திருக்கிறவனுடையது.

"ஆக, லேபிள் சங்கதி உங்களுக்கும் தெரியும்," என்றாள் தென்றல்.

எதிர்ப்பக்கம் ஒரு இருமல் கேட்டது. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும் தென்றலு. அப்பால நீயே ஊருக்கெல்லாம் சொல்லிக்க. யாரு வேணாங்கறா?"

"அப்பால அந்த ரூம்ல கொம்பையா செல்போன் வித்துக்கினு இருப்பான்."

இந்த மாதிரி சமயத்தில் நழுவுவதில் புருஷோத்தமனை அடிக்க ஆள் கிடையாது. டிரிப்புக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டான்.

தென்றல் மெஷினுக்குத் திரும்பினாள். ஒவ்வொரு உறையை முடிக்கும்போதும் ஓரத் தையலுக்குள் சின்ன வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். தைத்தவளின் நம்பர் அதில் இருக்கும். அந்த உறை எந்த ஊரில் எந்தக் காருக்குப் போனாலும், பிற்பாடு கேள்வி வந்தால் அந்தத் துண்டைப் பார்த்துத் தைத்தவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தென்றலின் நம்பர் 317. முகம் தெரியாத எவனோ ஒருவனுடைய காரில் அவள் நம்பர் பத்திரமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை மாதிரி அவள் வளர்த்த பெண்ணோ அவளுடைய தையலின் மேல் இன்னொருவன் பெயரை ஒட்டுகிறாள். மெஷினிலிருந்து கையை எடுத்து, துணியின் ஓரத்தை மறுபடி சேர்த்து வைத்துக்கொண்டாள். நாலாவது முறை பூட்டினால் சாம்சனுக்குப் பதில் மேனேஜர் வருவார்.

இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்தது. கம்பெனி வேன் அவளை வடக்குப்பட்டில் இறக்கிவிட்டபோது மூன்றே கால்.

வீட்டில் ஐஸ்வர்யா லீவு போட்டுவிட்டுக் கூடத்தைத் துடைத்து வைத்திருந்தாள். டீப்பாய் மேல் முறுக்கும் மிக்சரும் தட்டுகளில் இருந்தன. அண்ணியைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"அண்ணி, சீக்கிரமா டிரஸ் மாத்திக்கங்க. ஐ.டி. கார்டயும் கழட்டிடுங்க."

"எதுக்கு? நான் வேலைக்குப் போறது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ஐஸ்வர்யா. அந்தத் தெரியும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. தென்றல் அதைக் கவனித்தாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். உடை மாற்றவும் போகவில்லை. பீரோவைத் திறந்து கவுனை எடுத்து, கழுத்தைத் திருப்பி, லேபிளை நாத்தனாரின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

ஐஸ்வர்யாவின் அம்மா போனபோது அவள் பத்தாம் வகுப்பு. அதற்கப்புறம் எட்டு வருடம், பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து கல்லூரிப் பிரிவுபசார விழா பிளவுஸ் வரை எல்லாம் தென்றலின் கைதான். கடைக் கண்ணாடிக்குள் பொம்மை போட்டிருப்பதை ஐஸ்வர்யா விரலால் காட்டுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதுவே, கொஞ்சம் மேம்பட்டு, இவள் உடம்பில் இருக்கும். அந்த எட்டு வருடத்துக்குச் சேர்த்துத்தான் இந்த லேபிள் என்று தென்றலுக்குப் பட்டது.

ஐஸ்வர்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மண்டபத்தில் காந்திமதி துணியைத் தொட்டுப் பார்த்து எந்தக் கடை என்று கேட்டாளாம். அவர்கள் வீட்டில் தைத்துப் போடுகிற வழக்கமே கிடையாதாம். வீட்டில் தைத்தது என்று சொன்னால் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்துவிட்டாளாம்.

"அவங்க கேட்டது ஞாயித்துக்கிழம," என்றாள் தென்றல். "ஞாயித்துக்கிழம விடிகாலையே நீ இத மடிச்சு மண்டபத்துக்கு எடுத்துனு போயிட்ட. அப்ப லேபிள் எப்ப ஏறுச்சு?"

ஐஸ்வர்யா முறுக்குத் தட்டை நேராக்கி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்தே கேப்பாங்க அண்ணி, உங்க அண்ணி தைச்சதா, உங்க அண்ணி தைச்சதான்னு. எத போட்டாலும் அதான் கேப்பாங்க. ஒரே ஒரு நாளு, கடைல எடுத்ததுன்னு சொல்லணும்னு இருந்துது."

தென்றலுக்குச் சுருக்கென்றது. அவர்கள் அப்படிக் கேட்டது பாராட்டி என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ்வர்யாவும் அப்படித்தான் வந்து சொல்லியிருக்கிறாள். வலித்தது, வலித்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு வர வேண்டியவள் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டாள்.

காந்திமதிக்கு முப்பது வயதிருக்கும். கைக்குழந்தைக்காரி. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மாலை டிரிப்பை இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த புருஷோத்தமன் வாய் நிறைய வாங்க என்றான். கோதண்டராமன் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். ஐஸ்வர்யா கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் டீப்பாய் மேல் வைத்தாள். அந்த டம்ளரைப் பார்த்ததுமே தென்றலுக்குப் புரிந்துவிட்டது, இவள் இன்னொரு கவுன் கேட்க வந்தவள் இல்லை என்று.

"நேத்து நான் அரை நாள் லீவு போட்டு தி.நகர் போனேன்," என்று ஆரம்பித்தாள் காந்திமதி.

போன இடத்தில் நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மண்டபத்தில் ஐஸ்வர்யா கவுன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு போனை எங்கே வைப்பது என்று தவிக்கிறவளுக்கு அந்த பாக்கெட் ஒன்று போதும், கவுன் பிடித்துவிட்டது. போட்டோவைக் காட்டி, பாக்கெட் வைத்த இந்தக் கவுன் வேண்டும் என்று கடையில் கேட்டாள். விற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜரைக் கூப்பிட்டார்கள். எங்கள் கவுன் எதிலும் பாக்கெட் கிடையாது மேடம், எங்கள் பெயரில் யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்று துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டூப்ளிகேட் எடுக்க வந்தவ மாதிரி நின்னேன். அவ்ளோ அசிங்கமா இருந்துச்சு."

புருஷோத்தமன் உடனே அடுத்த பொய்க்குத் தாவினான். அந்தக் கடைக்கு நாலு கிளை இருக்கிறது, மேனேஜர் புது ஆளாக இருக்கும் என்றான்.

"சரி. பில்லக் குடுங்க," என்றாள் காந்திமதி.

ஐஸ்வர்யா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். கோதண்டராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பில்லு எங்கனா பீரோல கெடக்கும்மா. தேடி எடுத்து அனுப்பறோம்."

தென்றலால் நம்ப முடியவில்லை. அவள் தைத்ததை மூன்று வாரம் இதே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். மெஷின் சத்தத்தில் டி.வி. செய்தி கேட்கவில்லை என்று குறைப்பட்டவர். உன் தையலைத் தேடி நாலு பேர் வரட்டும் என்று சொன்ன அதே வாய், தேடி வந்தவளிடம் பில்லைத் தேடித் தருகிறேன் என்கிறது.

காந்திமதி தென்றல் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. ஹெச்.ஆர்.ல இருக்கீங்க, நாலு பேர வேலைக்கு எடுக்கறவங்க. எங்கம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல. சொன்னா, ஒரு துணிக்கே இப்படிப் பொய் சொல்ற வூட்ல பொண்ணு எடுக்கணுமான்னு கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்ல?"

ஹெச்.ஆர்.

தென்றல் நிமிர்ந்து ஐஸ்வர்யாவைப் பார்த்தாள். ஐஸ்வர்யாவின் முகம் வெளுத்திருந்தது. கம்பெனியில் மேனேஜரிலிருந்து ஆபரேட்டர் வரை எல்லோருக்கும் ஒரே சட்டைதான். அதைப் பார்த்து யாரும் வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. கார்டில்தான் ஆபரேட்டர் என்று எழுதியிருக்கும். கார்டைக் கழற்றச் சொன்னது அதற்குத்தான். கவுனுக்கு மட்டும் லேபிள் மாற்றவில்லை இந்தப் பெண். அண்ணிக்கும் மாற்றிவிட்டாள்.

தென்றல் எழுந்து உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் கவுன், இன்னொரு கையில் நூல் கத்தரி.

"தென்றலு, வேணாம்," என்றான் புருஷோத்தமன். குரலில் கெஞ்சல் இருந்தது. வாய் பேசாத பெண்டாட்டிதான் அவனுக்குப் பழக்கம். கத்தரியோடு வருகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அவள் கவுனை உள்பக்கம் திருப்பி நாற்காலியின் மேல் போட்டாள். லேபிளுக்கு ஐந்து வெட்டு. ஆறாவதுக்கு வேலை இல்லாமல் அது கையோடு வந்துவிட்டது. டீப்பாய் மேல், குடிக்காத தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். பிறகு இடது அக்குளுக்குக் கீழே தையலைப் பிரித்துக் காட்டுவதுபோல் இரண்டு விரலால் விரித்தாள். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணித்துண்டு. அதில் பேனாவால் எழுதியிருந்தது: 317.

பதினோரு வருடப் பழக்கம். அந்தத் துண்டை வைக்காமல் அவள் கை எந்தத் தையலையும் மூடாது. இந்த வீட்டில் புருஷோத்தமன் சட்டையிலும் இருக்கிறது, கோதண்டராமன் ஜிப்பாவிலும் இருக்கிறது. சைஸ் நம்பரா என்றுகூட யாரும் கேட்டதில்லை. உள்பக்கம் பார்க்கிற வழக்கம் அவளைத் தவிர இங்கே யாருக்கும் இல்லை.

கழுத்திலிருந்த ஐ.டி. கார்டை அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே 317.

"டூப்ளிகேட் இல்லீங்க. இத நான் தைச்சேன். பில்லு கெடையாது. நான் ஹெச்.ஆரும் கெடையாது. சீட் கவர் தைக்கிற ஆபரேட்டரு. கார்டுல போட்டிருக்கு, படிச்சுக்கங்க."

காந்திமதி படித்தாள். கவுனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கார்டையும் துண்டையும் இரண்டு தடவை பார்த்தாள். வலது பக்கம் தடவி பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அந்தக் கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று ஐஸ்வர்யா நினைத்திருக்க வேண்டும். முகத்தில் லேசாக உயிர் வந்தது.

கை வெளியே வந்தது. காந்திமதி எழுந்தாள். அவள் பார்த்தது தென்றலை அல்ல.

"கடை பொய். உங்க அண்ணி வேலையும் பொய். இன்னும் என்னென்ன கீதுன்னு நீயே யோசிச்சு வெச்சுக்க ஐஸ்வர்யா. எங்க வூட்ல கேப்பாங்க."

தென்றலிடம் ஒரு தலையசைப்பு மட்டும். ஸ்கூட்டர் கிளம்பிப் போன சத்தம் ரோட்டு வளைவு வரை கேட்டது.

அதற்கப்புறம் புருஷோத்தமனுக்கு வாய் வந்துவிட்டது. காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினான். ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட உன் பெயர் பெரிதாகப் போய்விட்டதா, அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்வாளா, உனக்கு இப்போது நிம்மதியா என்று கேட்டான். ஐஸ்வர்யா சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். தென்றலிடம் இருவருக்கும் ஒரே பதில்தான் இருந்தது: பொய்யை நான் தைக்கவில்லை.

கோதண்டராமன் மருமகளைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார். "கொம்பையா பத்து மணிக்கு வரான். முன் ரூம கூட்டிப் பெருக்கி வை."

அந்த இடத்தில்தான் தென்றலுக்கு உள்ளே எதுவோ சட்டென்று நிதானப்பட்டது. கோபம் போகவில்லை. சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய ஷட்டர் சாவியை எடுத்தாள்.

"சாவிய வை," என்றார் கோதண்டராமன்.

"நாலு பேரு தேடினு வரணும்னு சொன்னீங்க மாமா. ஒருத்தங்க வந்துட்டுப் போயிட்டாங்க."

"சண்ட போட வந்தவளயுமா சேத்துக்கற?"

"தி.நகரு வரைக்கும் தேடிப் போனாங்க. அங்க கெடைக்காம இங்க வந்தாங்க. இதுக்கு மேல எப்படித் தேடுவாங்க? வாசலுக்கு வரணும்னுதான் சொன்னீங்க. சிரிச்சுக்கினு வரணும்னு சொல்லல."

நிபந்தனை வைத்தே பழகியவருக்கு அதே நிபந்தனையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது, மீதி மூன்று பேர் என் பொறுப்பு, அதுவரை கொம்பையாவை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் சரி என்பதற்கோ இல்லை என்பதற்கோ காத்திராமல் தென்றல் முன்பக்கம் போனாள்.

ஷட்டர் துருப்பிடித்திருந்தது. இடது தோள் ஐயோ என்றது. வலது கையால் இழுத்துத் தூக்கினாள். உள்ளே பழைய மளிகை வாசனை, உடைந்த ஒரு தராசுத் தட்டு, மூலையில் சிந்திய கடுகு. பெருக்கினாள். தையல் மெஷினைக் கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் அது தட்டியபோது புருஷோத்தமன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்கப் பார்த்தான்.

"வுடுங்க. இதோட வெயிட்டு எனக்குத் தெரியும்."

அவன் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

கவுனை எடுத்து வந்து ஷட்டரின் மேல் கொக்கியில், ரோட்டைப் பார்க்க, உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினாள். தையல் ஒவ்வொன்றும் வெயிலில் தெரிந்தது. பாக்கெட் பை வெளியே தொங்கியது. வெள்ளைத் துண்டும் தெரிந்தது. ஐந்தரை மணிக்கு ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் வரத் தொடங்கும். வேகத்தடை இவர்கள் வாசலுக்கு நேரே இருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐம்பது பெண்கள்.

முதல் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரத் தலைகள் திரும்பின. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தட்டிக் காட்டினாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

பின்னால் கொலுசுச் சத்தம். ஐஸ்வர்யா நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் சுபாஷின் பெயர்.

"மூணாவது வாட்டி அடிக்கறாரு அண்ணி. நான் எடுத்தா மறுபடி எதையாவது சொல்லிடுவேன். எனக்கே பயமா கீது. நீங்க பேசுங்க."

தென்றல் அவளைப் பார்த்தாள். மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்த லேபிள் இன்னும் டீப்பாய் மேல் கிடக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஐஸ்வர்யா, அக்கா சொல்றது நெஜமா?" என்றது சுபாஷின் குரல்.

"ஐஸ்வர்யா இல்ல, அவ அண்ணி பேசறேன். தென்றல். சீட் கவர் ஆபரேட்டரு, முந்நூத்திப் பதினேழு. கேளுங்க."